செஸாருக்குக் காபி போட்டவன்: 'அன் ப்ரோஃபெத்' படத்தை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது

ஐரோப்பியக் குற்றப் படங்களில் பன்முகத்தன்மை என்று பாராட்டப்படுவது பெரும்பாலும் தலையெண்ணும் வேலைதான். துப்பறியும் குழுவில் ஒரு கறுப்பின அதிகாரி இருப்பார். சாட்சி சொல்ல முக்காடு போட்ட ஒரு பெண் வருவார். முதல் அரைமணி நேரம் நாம் சந்தேகப்பட்டு, கடைசியில் வெட்கப்பட்டுக்கொள்வதற்கென்றே ஓர் அகதி இருப்பார். 2009-இல் வெளிவந்த பிரெஞ்சுச் சிறைப் படமான 'அன் ப்ரோஃபெத்' (ஒரு தீர்க்கதரிசி) தலையை எண்ணுவதில்லை, காதைக் கவனிக்கிறது. யார் பேசுவது யாருக்கு விளங்குகிறது, விளங்கியும் விளங்காதவன்போல் தரையைப் பெருக்கிக்கொண்டிருப்பவன் யார் என்பதில்தான் இரண்டரை மணி நேரக் கதையும் நிற்கிறது. அதைத் தவறவிட்டால் நல்லதொரு கேங்ஸ்டர் படம் பார்த்த திருப்தி மட்டும் மிஞ்சும். பிடித்துக்கொண்டால் சிறுபான்மையினரைத் திரையில் காட்டுவது பற்றி ஐரோப்பிய சினிமா செய்திருக்கும் உருப்படியான வேலைகளில் ஒன்று கிடைக்கும். குறைகளும் உண்டு, சில லேசானவை அல்ல.

படத்தின் நீளம் 155 நிமிடம். இயக்கம் ழாக் ஓதியார். அப்தெல் ரவூஃப் தஃப்ரியும் நிக்கொலா பெஃபாயியும் முதலில் எழுதிய கதையை ஓதியாரும் தோமா பிதெகேனும் திரும்ப எழுதினார்கள். 2009 மே மாதம் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது உயரிய பரிசான கிராண்ட் ப்ரீ பெற்றது. அடுத்த ஆண்டு பிரான்ஸின் செஸார் விருதுகளில் 9 வாங்கியது. (படத்தின் மாஃபியாத் தலைவன் பெயரும் செஸார்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆஸ்கரில் வெளிநாட்டுப் படப் பிரிவில் இறுதிப் பட்டியல்வரை போய் அர்ஜென்டினப் படம் ஒன்றிடம் தோற்றது.

கதை சுருக்கமாக இதுதான். மாலிக் எல் ஜெபெனாவுக்கு வயது 19. குடும்பம் கிடையாது, இல்லங்களில் வளர்ந்தவன், எழுதப் படிக்கத் தெரியாது. 6 ஆண்டு தண்டனையோடு பெரியவர்கள் சிறைக்கு வருகிறான். வந்த வேகத்தில் முற்றத்தில் அவனை அடித்துக் காலணியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். சிறையை உள்ளிருந்து ஆள்பவர்கள் மத்தியதரைக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான கோர்சிகாத் தீவுக்காரர்கள், அவர்களின் தலைவன் செஸார் லூச்சியானி. ஒரு வழக்கில் சாட்சி சொல்லவிருக்கும் ரெயெப் என்ற அரபுக் கைதி சில நாள்களுக்கு அந்தச் சிறையில் வைக்கப்படுகிறான். அரபுக்காரனை நெருங்க அரபு முகம் வேண்டும். செஸாரின் கண் மாலிக் மேல் விழுகிறது. கொல், இல்லையென்றால் நீ சாவாய். சிறை நிர்வாகத்திடம் சொல்லித் தப்பப் பார்க்கிறான். பதிலுக்குத் தலையில் பிளாஸ்டிக் பை இறங்குகிறது. முகம் இங்கே அடையாளமும் இல்லை, பெருமையும் இல்லை. கதவு திறக்க உதவும் ஒரு கருவி, அவ்வளவே. பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும் படங்கள் பொதுவாக ஒளித்துவைக்கும் உண்மையை இந்தப் படம் முதல் அரைமணி நேரத்தில் மேசைமேல் வைத்துவிடுகிறது.

அந்தக் கொலைக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாய்க்குள் சவரப் பிளேடை மறைத்துவைக்க மாலிக் தன் அறையில் பழகுகிறான். உதடு கிழிகிறது, துப்பினால் ரத்தம். குற்றப் படங்களில் முதல் கொலை என்றால் நாயகனுக்குப் பட்டமளிப்பு விழா மாதிரி இருக்கும். இங்கே கூச்சலும் வழுக்கலும் உதறலுமாக, அசிங்கமாக, தேவைக்கு மேல் நீண்டுபோகிறது. அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய சில நிமிடங்கள். ரெயெப் வரவேற்று உட்காரவைக்கிறான். படிக்கத் தெரியாது என்று தெரிந்ததும், சிறையிலேயே கற்றுக்கொள்ளலாம், உள்ளே வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சமாவது விவரத்தோடு வெளியே போக வேண்டும் என்கிறான். மாலிக்கிடம் இந்தச் சிறையில் முதன்முதலில் மனிதத்தன்மையோடு பேசுபவன் அவன்தான். அவனைத்தான் இவன் கொல்கிறான். அவன் சொன்னதைத்தான் மீதிப் படம் முழுக்கச் செய்கிறான்.

இப்போது மொழிக்கு வருவோம். படத்தில் பிரெஞ்சு, அரபு, கோர்சிக மொழி மூன்றும் ஓடுகின்றன. பிரெஞ்சு எல்லோருக்கும் பொது. அதிகாரி, வக்கீல், காவலர் எல்லாரோடும் பேச அதுதான். கோர்சிக மொழி செஸாரின் மேசை மொழி. அதைப் பேசும்போது கதவு சாத்தியதாக அர்த்தம். அரபு, முற்றத்தின் அந்தப் பக்கத்தினரின் மொழி. ரெயெப்பைக் கொன்றதற்குக் கூலியாக மாலிக்குக் கிடைப்பது கோர்சிகர்களின் பாதுகாப்பு. பாதுகாப்பு என்றால் மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது. காபி போடுவான், கூட்டிப் பெருக்குவான், பேச்சுக்குப் பேச்சு 'அழுக்கு அரபி' என்று வாங்கிக் கட்டிக்கொள்வான். அந்தப் பக்கம் போனால் அவர்கள் கண்ணுக்கு இவன் கோர்சிகன். இரண்டு வீட்டிலும் இலை கிடையாது.

இந்த நிலையில் அவன் செய்வது இரண்டு. சிறைப் பள்ளியில் சேர்ந்து எழுத்துக் கற்கிறான். அங்கே துணையாகிற ரியாத் பின்னால் அவனுடைய ஒரே நண்பனாகிறான். இன்னொன்றை யாரிடமும் சொல்வதில்லை. காபி ஊற்றிக்கொண்டே காதைக் கொடுத்து, அறைக்குப் போய் ஒரு சின்ன அகராதியை வைத்துக்கொண்டு, கோர்சிக மொழியைப் பிடித்துக்கொள்கிறான். அரசியல் முடிவு ஒன்றின்படி கோர்சிகக் கைதிகளில் பெரும்பாலோர் சொந்தத் தீவுக்கு அருகிலுள்ள சிறைகளுக்கு மாற்றப்படுகிறார்கள். செஸாரைச் சுற்றி ஆள் குறைகிறது. அப்போதுதான் மாலிக் தனக்கு அந்த மொழி விளங்கும் என்று காட்டிக்கொள்கிறான். இத்தனை நாள் மேசை நாற்காலி மாதிரி நின்றவனுக்குக் காது இருந்திருக்கிறது. அந்தக் கணத்தில் கிழவனின் முகத்தைப் பாருங்கள். கோபம், பயம், கூடவே 'இவன் உதவுவான்' என்ற கணக்கு, மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். செஸாராக நடித்த நீல்ஸ் ஆரஸ்ட்ரப் சிறந்த துணை நடிகர் விருது வாங்கியதற்கு அந்த ஒரு முகம் போதும்.

நடைமுறையில் பார்வையாளருக்கு ஒரு சிக்கல் இங்கேதான் வருகிறது. துணையுரை (சப்டைட்டில்) எல்லா மொழியையும் ஒரே எழுத்தில் ஒரே நிறத்தில் கொடுத்தால், யார் எந்த மொழியில் பேசினார்கள் என்பதே தெரியாமல் போகும். மாலிக்குக்கு விளங்காத பேச்சு நமக்கு முழுசாக விளங்கிக்கொண்டிருக்கும், அவன் தவிப்பு நமக்கு எட்டாது. அதற்கு வழி காதுதான். கோர்சிக மொழி இத்தாலியின் தஸ்கனி வழக்குக்கு நெருங்கியது, பிரெஞ்சோடு ஒட்டாதது. சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில், அதிலும் உகரத்தில் முடியும்: 'ஃப்ரதெல்லு' என்றால் சகோதரன், 'ஓமு' என்றால் ஆள். காடு, மாடு என்று முடித்துப் பழகிய தமிழ்க் காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பிரெஞ்சு அதற்கு நேரெதிர், கடைசி மெய்யை விழுங்கிவிட்டு மூக்கால் முடிக்கும். வட ஆப்பிரிக்க அரபியைத் தொண்டையடி ஒலிகளே காட்டிக்கொடுக்கும். முதல் இருபது நிமிடம் இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகினால் பிறகு துணையுரையின் தயவு தேவையில்லை. மொழிமாற்றம் செய்த பதிப்பு எதுவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். மூன்று மொழியையும் ஒன்றாக்கிவிட்டால் இந்தப் படத்தில் கதையே மிச்சமிருக்காது.

கோர்சிகர்கள் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. சொந்த ஊருக்கு அருகில் மாற்றச் சொல்வது திரைக்கதைக்காகக் கண்டுபிடித்த தந்திரம் என்று தோன்றக்கூடும். பிரிவினைப் போராட்ட வழக்குகளில் பெருநிலத்துச் சிறைகளில் அடைக்கப்பட்ட கோர்சிகர்களின் நெடுநாள் கோரிக்கை அது. 1998 பிப்ரவரியில் கோர்சிகாவின் அஜக்சியோ நகரில் அரசுப் பிரதிநிதி க்ளோத் எரின்யாக் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற இவான் கொலொன்னாவும் இதே கோரிக்கையை வைத்திருந்தவர். 2022 மார்ச்சில் ஆர்ல் நகரச் சிறையில் சக கைதி ஒருவரால் தாக்கப்பட்டு இறந்தார். தீவு முழுக்கக் கலவரம் வெடித்தது. ஆக, படத்தில் அந்த மாற்றல் செய்தி வரும்போது செஸார் முகம் இறுகுவதற்கு உண்மையான வரலாறு உண்டு. அரசியல் கைதி என்ற மரியாதையும் மாஃபியா என்ற வருமானமும் கலந்த அந்தக் கூட்டத்தில், அரசியல் பக்கம் ஊருக்குப் போகிறது, வருமானப் பக்கம் இங்கேயே தங்குகிறது.

செஸாரும் ஒரு சிறுபான்மைதான் என்பது பலர் கவனிக்காத விஷயம். பாரிஸ் பேசும் பிரெஞ்சு அவன் வீட்டு மொழியில்லை, அந்தக் குடியரசு அவனுக்குச் சொந்தமாகத் தோன்றியதில்லை. யுனெஸ்கோ அழியும் அபாயத்தில் இருப்பதாகப் பட்டியலிட்டுள்ள மொழி அவனுடையது. இரண்டு சிறுபான்மைகள் ஒரே முற்றத்தில் மோதுகின்றன, பெரும்பான்மை வெளியே நின்று சாவிக்கொத்தை ஆட்டுகிறது. வெள்ளைப் பெருநிலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் படத்தில் யாரென்று எண்ணிப் பாருங்கள். காவலர், அதிகாரி, ஆசிரியர் என்று சம்பளம் வாங்குகிறவர்கள்தான் கண்ணில் நிற்பார்கள். ஓதியார் இதை வசனமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டிருக்கும்.

சிறைகளில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று பிரான்ஸில் அரசுக் கணக்கு கிடையாது. இனம், வம்சாவளி சார்ந்த தரவுகளைத் திரட்டுவதை 1978 ஜனவரிச் சட்டம் தடுக்கிறது. 2007-இல் அரசியலமைப்பு மன்றமும் அந்த வழியை மேலும் அடைத்தது. குடிமக்கள் எல்லாரும் சமம், ஆகவே எண்ண மாட்டோம் என்பது அவர்கள் வாதம். எண்ணாமல் விட்டதைச் சினிமாதான் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த முற்றம் அத்தனை முக்கியம். தொடக்கத்தில் கோர்சிகர் பெஞ்சில் கூட்டம், எதிர்ப்பக்கம் தாடிக்காரர்கள் என்று அவர்கள் இளக்காரமாகச் சொல்லும் முஸ்லிம் கைதிகள். ஆண்டுகள் நகர நகர, எந்தப் பக்கம் நிழல் நீள்கிறது என்பதைக் கேமரா சத்தமில்லாமல் குறித்துக்கொண்டே வருகிறது. இறுதியில் செஸார் அந்த வெற்றுவெளியைத் தனியாகக் கடக்க முயலும் காட்சிக்கு முழுப் படமும் அடித்தளம் போட்டிருக்கிறது. அதை இங்கே சொல்லிக் கெடுக்க மனமில்லை.

நடிகர் தேர்வில் ஓதியார் எடுத்த முடிவு சின்னதாகத் தோன்றும், பலன் பெரியது. தஹார் ரஹீம் அப்போது அறியப்படாதவர், பெல்ஃபோர் நகரில் அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்தவர். அதற்குமுன் அவர் நடித்ததில் குறிப்பிடத்தக்கது தஃப்ரி எழுதிய ஒரு தொலைக்காட்சித் தொடர். நட்சத்திர முகம் ஒன்றை வைத்திருந்தால் இவன் ஜெயிப்பான் என்று முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். இங்கே மாலிக் எந்த நொடியும் செத்துப்போகலாம் என்ற பயம் கடைசிவரை தேங்கிநிற்கிறது. 2010 செஸார் விழாவில் அதே வேடத்துக்குச் சிறந்த நடிகர், நம்பிக்கை தரும் புதுமுகம் என இரண்டு விருதும் அவருக்கே போயின. கேமராவுக்குப் பின்னாலும் மாற்றம் உண்டு. மூலக்கதை எழுதியவர்களில் தஃப்ரி மார்செய்யில் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறைத் தளத்தைப் பாரிஸை ஒட்டிய ஜென்வில்லியேயில் முழுசாகக் கட்டினார்கள், முன்னாள் கைதிகளைத் துணை நடிகர்களாகவும் ஆலோசகர்களாகவும் சேர்த்துக்கொண்டார்கள். சோதனை, சாப்பாட்டுத் தட்டு, அறைக்கு அறை பொருள் கைமாறும் விதம் ஆகியவற்றில் அந்த அனுபவம் தெரிகிறது. யாரும் நடந்து 'காட்டுவதில்லை', நடக்கிறார்கள்.

ஒரு காட்சி. தண்டனையில் பாதி கழிந்ததும் நன்னடத்தைக்காக ஒரு நாள் விடுப்பு கிடைக்கிறது. மாலிக் வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறுகிறான். விமான நிலையச் சோதனையில் பணியாளர் கையைத் தூக்கச் சொன்னதும், தூக்கிவிட்டு, யாரும் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறான். சிறைச் சோதனையில் பழகிய உடம்பு. இசை கிடையாது, நெருக்கக் காட்சி கிடையாது, வந்த வேகத்தில் போய்விடும். சிறை ஒருவனை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு வரி எழுத முடியாது. வாயைத் திறந்து காட்டும் அதே வாயில்தான் ஒருநாள் பிளேடு இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தால் கூடுதல் லாபம்.

இனி உறுத்தல்கள். ரெயெப் இந்தப் படத்தின் ஒரே தன்பாலின விருப்பமுள்ள பாத்திரம். அவன் ஆசையே தூண்டில், அந்த ஆசையாலேயே சாகிறான். ஐரோப்பிய, அமெரிக்கக் குற்றப் படங்களில் இத்தகையவர்களைச் சீக்கிரம் கொன்றுவிடுவது பழைய வழக்கம், இங்கும் அதுதான் நடக்கிறது. ஆனால் கொன்றபின் அவனைத் தொலைத்துவிடவில்லை. பேயாக மாலிக்கின் அறையிலேயே குடியிருக்கிறான், உடலிலிருந்து புகை கசிய, பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர் நிலவரம் சொல்கிறான். பயமுறுத்தும் பேயில்லை, அறைத்தோழன். குற்றவுணர்வுக்கு இவ்வளவு பரிவான உருவம் கொடுத்த படங்கள் அபூர்வம். பழைய வழக்கத்தை மீறிவிட்டதா என்றால் பாதி மீறியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அவனுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு என்பது மாறவில்லை.

பெண்கள் விஷயத்தில் படம் நேரடியாகவே தோற்கிறது. ரியாத்தின் மனைவி ஜமீலாவாக லெய்லா பெக்தி வருகிறார், நன்றாகவும் செய்திருக்கிறார். ஆனால் காத்திருப்பது, குழந்தையைப் பிடித்துக்கொள்வது, கடைசியில் பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடப்பது தவிர அவருக்குத் திரைக்கதை ஒன்றும் கொடுக்கவில்லை. ஆண்கள் சிறை, பெண்கள் எங்கே வருவார்கள் என்று சமாதானம் சொல்வது எளிது. பார்வையாளர் அறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, வெளியே குடும்பங்கள் இருக்கின்றன. எழுத நினைத்திருந்தால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

கறுப்பினக் கைதிகள் முற்றத்தை நிரப்பும் கூட்டமாகத்தான் இருக்கிறார்கள். ஜிப்ஸி இனத்தவனான ஜோர்டிக்குப் பெயரோடு இனமும் ஒட்டிக்கொண்டே வருகிறது: திரையில் தோன்றும் எழுத்து அவனை 'ஜிப்ஸி ஜோர்டி' என்றே அறிமுகப்படுத்துகிறது. பாத்திரங்களின் பெயரைத் திரையில் பெரிதாக எழுதிக் காட்டுவது இந்தப் படத்தின் பாணி. ரியாத்துக்குப் பெயர் மட்டும் போதும், இவனுக்கு ஏன் அடைமொழி? சிறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது சரி. எழுதுவது சிறையில்லையே, இயக்குநர்தானே. அந்த வேடத்தில் ரெதா கதெப் காட்டும் குறும்பு பாத்திரத்தைக் காப்பாற்றிவிடுகிறது. அல்ஜீரிய வேர் கொண்ட அவர் இந்தப் படத்துக்குப்பின் பிரெஞ்சு சினிமாவின் முக்கிய நடிகர்களில் ஒருவரானார். கோர்சிகர்களும் புகார் சொல்ல இடமுண்டு. குற்றவாளியல்லாத ஒரு கோர்சிகனைக்கூடப் படம் நம் நினைவில் விட்டுச்செல்வதில்லை.

கடினமான கேள்வி வேறு. அரபு வம்சாவளி இளைஞன் ஒருவனை இத்தனை முழுமையாகக் காட்ட, அவனைக் கொலைகாரனாகவும் கஞ்சாக் கடத்தல்காரனாகவும்தான் ஆக்க வேண்டுமா? 2006-இல் இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய படத்துக்காக ஐந்து நடிகர்கள் கானில் ஒன்றாகச் சிறந்த நடிகர் விருது பெற்றார்கள். அங்கே அவர்கள் தியாகிகள். தியாகியாகவோ குற்றவாளியாகவோ இருந்தால்தான் முழு நீளப் படம் என்றால், நடுவில் இருக்கும் சாதாரண வாழ்க்கைக்கு எங்கே இடம்? நியாயமான கேள்வி. 'அன் ப்ரோஃபெத்' அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் செய்கிறது: மாலிக்கை எதற்கும் எடுத்துக்காட்டாக ஆக்க மறுக்கிறது. அவன் பாவம் என்று கெஞ்சவில்லை, சமூகம்தான் காரணம் என்று வாதாடவில்லை. புத்திசாலி, கோழை, நன்றியுள்ளவன், துரோகி எல்லாமாகவும் இருக்க விடுகிறது. அத்தனையாகவும் இருக்கும் உரிமை ஐரோப்பிய சினிமாவில் வெள்ளை நாயகர்களுக்கு எப்போதும் இருந்தது.

மதத்தைக் கையாண்ட விதம் தனியாகச் சொல்லத் தகுந்தது. சிறைக்குள் நுழையும்போது மாலிக்குக்கு மதம் என்று ஒன்று பெரிதாகக் கிடையாது. பிறகு போதைப்பொருள் பணம் இமாம் கைக்குப் போய்ச் சேர்கிறது, அதில் பக்தி எவ்வளவு, முதலீடு எவ்வளவு என்று படம் பிரித்துச் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், எழுத்தறியாதவன் படிக்கக் கற்பது, கனவில் மான்கள் வருவது, அந்தக் கனவு ஓடும் காருக்குமுன் மெய்யாவது, நாற்பது நாள் தனிமைச் சிறை என்று தீர்க்கதரிசிக் கதைகளின் அடையாளங்களை அங்கங்கே தூவியிருக்கிறார்கள். பக்திமானுக்கும் உறுத்தாது, நாத்திகருக்கும் உறுத்தாது. இஸ்லாம் என்றாலே குண்டு அல்லது கண்ணீர் என்றிருந்த காலத்துக் குற்றப் படங்களுக்கு நடுவில் இது பெரிய நிதானம்.

ஒளிப்பதிவு ஸ்தெஃபான் ஃபோந்தேன். திரையின் பெரும்பகுதியை இருட்டில் மூடிவிட்டு ஒரு ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோன்ற சட்டகங்கள் உண்டு. தொடக்கத்தில் படம் பழுதாகிவிட்டதோ என்று ரிமோட்டைத் தேட வேண்டாம், வேண்டுமென்றே செய்தது. பகல் வெளிச்சத்தில் அறையில் பார்த்தால் கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும், இரவில் பார்ப்பது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒலிபெருக்கியில் வேண்டாம். முதல் அரைமணி நேரத்தின் கொலையும், கடைசிப் பகுதியில் வண்டிக்குள் நடக்கும் துப்பாக்கிச் சூடும், நடுவில் கரண்டியை வைத்துச் செஸார் செய்யும் ஒரு காரியமும் மனம் இளகியவர்களுக்கு ஆகாது. நடுவில் ஒருமுறை நிறுத்த வேண்டுமென்றால் முதல் வெளி விடுப்புக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள், அதற்குப்பின் ஆள்களும் பேரங்களும் வேகமாகப் பெருகும். யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதில் முதல்முறை பார்க்கும் யாரும் இடறத்தான் செய்வார்கள். இடறினால் விட்டுவிடுங்கள், முற்றத்தில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

தமிழருக்கு இந்த இயக்குநரிடம் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 2015-இல் கானின் முதல் பரிசான தங்கப்பனை வென்ற 'தீபன்' இவர் எடுத்ததுதான். ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அந்தோனிதாசன் யேசுதாசனும், சென்னை நாடக மேடையிலிருந்து வந்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசனும் நடித்தார்கள். தமிழே படத்தின் முதன்மை மொழி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 'தீபன்' ஈழத் தமிழர் மூவரைக் கூர்ந்து பார்க்கிறது, அவர்கள் குடியேறும் புறநகர்க் குடியிருப்பின் மற்ற இளைஞர்களை, அரபு, ஆப்பிரிக்க வேர் கொண்டவர்களை, மாடிப்படியில் நிற்கும் ஆபத்தாக மட்டும் பார்க்கிறது. 'அன் ப்ரோஃபெத்'தில் யாருக்கு முகம் கொடுத்தாரோ அவர்களிடமிருந்தே ஆறு ஆண்டுகள் கழித்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நமக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் நாமும்தான். 2024-இல் மெக்ஸிகோவைக் களமாக வைத்து அவர் எடுத்த இசைப்படத்துக்கு அந்நாட்டினரிடமிருந்து எழுந்த கண்டனமும் இதே திசையில்தான் இருந்தது. தான் பேசாத மொழிக்குள் துணிந்து நுழைவது அவர் பழக்கம். அங்கே எவ்வளவு நேரம் காதைக் கொடுத்து உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்துப் படம் நிற்கும் அல்லது சாயும். இந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வேலை. செஸாரின் அறையில் மாலிக் பின்னணியில் மட்டும் தெரியும் காட்சிகளில், பேசுகிறவர்களை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். கோப்பையைத் துடைக்கும் கை எந்தச் சொல்லில் ஒரு கணம் நிற்கிறது என்று பாருங்கள்.